எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வை வாழ்நாள் தொழிலாகக் கொள்ள முடியுமா?

சமூகப் பணியில் முதுகலை முடித்துவிட்டு, சென்னையில் ஒரு பாலியல் நல ஆய்வுத் திட்டத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர அழைப்பு வந்திருக்கும் நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். எச்.ஐ.வி. பெருமளவு குறைந்துவிட்டதாகச் சொல்லப்படும் இந்தக் காலத்தில் அதன் தடுப்பு ஆய்வுக்கு எதிர்காலம் உண்டா. மருத்துவம் படிக்காத ஒருவர் இத்துறையில் கடைசிவரை உதவியாளராகவே இருந்துவிட நேருமா. "உறவுக்காரர்கள் கேட்டால் என்ன வேலை என்று சொல்வது" என்று வீட்டில் தயங்குகிறார்களே, அவர்களுக்கு என்ன பதில். மூன்றையும் சேர்த்துப் படித்தபோது, வேலைவாய்ப்பு நிலவரத்தைக் காட்டிலும் பெரிய ஒன்றை நீங்கள் கேட்க வந்திருப்பதாக எனக்குப் பட்டது. ஒரு வாழ்நாளை இதற்குக் கொடுத்தால் அந்த உழைப்பு யாருக்காவது பயன்படுமா, கொடுத்தவருக்கு மதிப்பான பிழைப்பாகவும் இருக்குமா என்பதே உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் சமூகப் பணி படித்து, களத்தில் நேர்காணல் செய்பவராகத் தொடங்கி, பிறகு நோய்கள் மக்களிடையே எப்படிப் பரவுகின்றன என்று ஆராயும் நோய்ப்பரவலியல் பயின்று, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இத்துறையிலேயே இருக்கிறேன். ஆகவே கள ஆய்வு, கணக்கெடுப்பு, நடத்தை சார்ந்த ஆய்வு ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். வைரஸை ஆய்வகத்தில் ஆராய்வோரின் வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேனே தவிர, அதை நான் வாழ்ந்ததில்லை. அதைப் பற்றி அந்தப் பக்கத்தவர்களிடம் கேட்பதே நல்லது.

சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: மருத்துவப் பட்டம் தேவையில்லை, வேலை நிச்சயமில்லாதது, பயனோ மிகப் பெரியது. ஆனால் இந்த மூன்றும் ஏன் அப்படி என்று புரிந்துகொள்ள, இந்த ஆய்வின் அடிப்படைச் சிக்கலை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ரத்த அழுத்தத்தை ஆராய்பவருக்குக் கருவி இருக்கிறது. சர்க்கரை நோயை ஆராய்பவருக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஒருவர் யாருடன், எந்தச் சூழலில், எந்தப் பாதுகாப்போடு உறவு கொண்டார் என்பதை அளக்க அப்படி எந்தக் கருவியும் இல்லை. அது அவருடைய நினைவில் மட்டுமே இருக்கிறது. அதை வெளியே சொல்லாமலிருக்க அவருக்கு நியாயமான காரணங்கள் நிறைய இருக்கின்றன. போலீஸ் பயம், குடும்பத்தின் பயம், வேலை போகும் பயம், எல்லாவற்றுக்கும் மேலாக எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் உங்களிடம் மரியாதை குறைந்துவிடுமோ என்கிற பயம். அந்த நபர் உங்களிடம் உண்மையைச் சொல்லும் சூழலை உருவாக்குவதுதான் எங்கள் தொழிலின் மையம். புள்ளியியல் அதற்குப் பிறகு வருவது.

இதற்கு ஆப்பிரிக்காவில் நடந்த ஓர் ஆய்வைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் 5,029 பெண்களைச் சேர்த்து, 'வாய்ஸ்' என்ற பெயரில் ஒரு தடுப்பு மருந்துச் சோதனை நடந்தது. தினமும் மாத்திரை விழுங்குவதும், இன்னொரு பிரிவில் தினமும் ஜெல் பயன்படுத்துவதும் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்குமா என்பது கேள்வி. மருந்தை ஒழுங்காகப் பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டபோது, பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாமல் பயன்படுத்துவதாக அந்தப் பெண்கள் சொன்னார்கள். திருப்பிக் கொடுத்த மிச்ச மாத்திரைகளின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அப்படியே காட்டியது. சேமித்து வைத்திருந்த ரத்தத்தைப் பரிசோதித்தபோது, மருந்தின் தடயம் மூன்றில் ஒரு பங்கு மாதிரிகளில்கூட இல்லை. 2013-இல் முடிவுகள் வந்தபோது, மருந்து பலிக்கவில்லை என்று சொல்வதற்கும் வழியில்லாமல், பலித்தது என்று சொல்வதற்கும் வழியில்லாமல் போயிற்று. அந்தப் பெண்களைப் பொய் சொன்னவர்கள் என்று பேசியவர்களும் இருந்தார்கள். அது அநியாயமான பேச்சு. பிறகு அவர்களிடமே ரத்த முடிவைக் காட்டிப் பொறுமையாகப் பேசியபோது காரணங்கள் வந்தன: அந்த மாத்திரை நோயாளிகள் சாப்பிடும் மாத்திரை என்பதால், வீட்டில் டப்பாவைப் பார்த்தவர்கள் தொற்று இருப்பதாக நினைத்துவிடுவார்கள் என்ற அச்சம், நல்லாயிருக்கும் உடம்புக்கு எதற்கு மருந்து என்ற சந்தேகம், சோதனையிலிருந்து நீக்கிவிட்டால் அங்கே கிடைத்த நல்ல மருத்துவ கவனிப்பு போய்விடுமே என்ற கவலை. ஆய்வாளர்கள் கேட்க விரும்பிய பதிலையே அவர்கள் கொடுத்திருந்தார்கள். அதற்கு வழி செய்தது ஆய்வின் அமைப்புதான் என்பது என் கருத்து.

அதே பாடத்தை நம் ஊர்க் களத்தில் சிறிய அளவில் தினமும் படிக்கிறோம். நான் வேலை கற்றுக்கொண்டது ஒரு பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தையல் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஓர் அறையில். பாலியல் தொழில் செய்யும் பெண்கள் மதிய நேரத்தில் அங்கே வந்து முகம் கழுவிக்கொண்டு, கொஞ்சம் படுத்து, டீ குடித்துவிட்டுப் போவார்கள். "எவ்வளவு தடவை ஆணுறை பயன்படுத்துவீர்கள்" என்று படிவத்தில் இருப்பதை அப்படியே கேட்டால், "எப்பவும்தான்" என்று உடனே பதில் வரும். அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். நிறைய பேர் போய்விடுகிறார்கள். எனக்குக் கற்றுக்கொடுத்த மூத்த களப்பணியாளர் வேறு மாதிரி கேட்பார். கடைசியாக ஒருவரோடு இருந்தது எந்தக் கிழமை, அன்று மழையா வெயிலா, வந்தவர் புதியவரா பழகியவரா, ஆணுறை யார் கையில் இருந்தது என்று ஒரே ஒரு நாளுக்குள் மெல்ல நடத்திக்கொண்டு போவார். அப்போதுதான் ஓர் அக்கா, புதிதாக வருகிற ஆட்களிடம் கட்டாயம் உண்டென்றும், நெடுநாளாக வந்துபோகும் ஒருவரிடம் மட்டும் கிடையாதென்றும் சொன்னார். "அவர்கிட்டப் போய் அதை எப்படிம்மா கேட்பேன், அவரு வீட்டுக்காரர் மாதிரி" என்றார். பழகிய துணையிடம் பாதுகாப்பு குறைகிறது என்பது உலகெங்கும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட விஷயம். ஆனால் அது அந்த அறையில் என் காதில் விழுந்தபோதுதான், ஒரு நாளைப் பற்றிக் கேட்பது வழக்கத்தைப் பற்றிக் கேட்பதைவிட ஏன் மேலானது என்று எனக்கு விளங்கியது.

இந்தத் தொழிலின் இன்னொரு பாதி, மறைந்து வாழ்பவர்களைக் கணக்கில் கொண்டுவருவது. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கோ, ஊசி மூலம் போதை மருந்து எடுப்பவர்களுக்கோ வாக்காளர் பட்டியல் போல ஒரு பட்டியல் கிடையாது. ஆகவே வழக்கமான மாதிரிக் கணக்கெடுப்பு செல்லாது. அதற்காக, முதலில் சிலரைத் தேர்ந்து, அவர்கள் கையில் இரண்டு மூன்று கூப்பன்களைக் கொடுத்து, தம்மைப் போன்றவர்களை அவர்களே அழைத்து வரச் செய்யும் முறையை 1990-களில் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் உருவாக்கினார்கள். யார் யாரை அழைத்து வந்தார் என்பதையும், ஒவ்வொருவருக்கும் எத்தனை பேரைத் தெரியும் என்பதையும் வைத்து எடையிட்டுக் கணக்கிடுகிறோம். காகிதத்தில் அழகான முறை. களத்தில் கூப்பன் கைமாறும். போக்குவரத்துக்காகக் கொடுக்கும் சிறு தொகைக்காக வேறு பெயரில் இரண்டாம் முறை வருவார்கள். ஒரே ஆள் திரும்பி வருவதைத் தடுக்க விரல்ரேகைக் கருவி வைத்தால், அதைப் பார்த்து போலீஸ் விவகாரமோ என்று பயந்து சிலர் திரும்பிப் போவார்கள். இதில் கிடைக்கும் எண்கள் எவ்வளவு தூரம் உண்மைக்கு நெருக்கமானவை என்பதில் புள்ளியியலாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. இந்த முறையில் வந்த ஒரு சதவீதத்தை எங்காவது படித்தால், அதைத் திட்டமான எண்ணாகக் கொள்ளாமல் ஒரு வரம்பாக மட்டும் பாருங்கள்.

எச்.ஐ.வி. உண்மையில் குறைந்ததா என்ற உங்கள் முதல் கேள்விக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று இருப்பதாக 2006 வரை பேசப்பட்டது. 2007-இல் அது ஒரே அறிவிப்பில் சுமார் 25 லட்சமாகக் குறைந்தது. பாதிப் பேர் குணமாகிவிடவில்லை, இறந்துவிடவும் இல்லை. அதுவரை கணக்கு, பெரும்பாலும் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளிடமும் பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வந்தவர்களிடமும் எடுத்த மாதிரிகளை வைத்து நாடு முழுவதற்கும் விரித்துப் போடப்பட்டிருந்தது. 2005–06-இல் நடந்த மூன்றாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் வீடுவீடாகச் சென்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தம் பரிசோதிக்கப்பட்டபோதும், கண்காணிப்பு மையங்கள் கூட்டப்பட்டபோதும், பழைய எண் மிகையானது என்று தெரிந்தது. அதே சமயம், உண்மையான இறக்கமும் நடந்துகொண்டிருந்தது. தமிழ்நாடு உள்ளிட்ட தென் மாநிலங்களில் கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வந்த 15 முதல் 24 வயதுவரையிலான பெண்களிடையே தொற்று, 2000-இல் 1.7 சதவீதமாக இருந்தது 2004-இல் 1.1 சதவீதமாகக் குறைந்ததை லான்செட் மருத்துவ இதழில் 2006-இல் வந்த ஆய்வு காட்டியது. புதிதாக உறவு வாழ்க்கையைத் தொடங்கும் வயதினர் என்பதால், அந்த வயதில் ஏற்படும் மாற்றம் புதிய தொற்றின் போக்கைக் காட்டும் என்பது அதன் தர்க்கம். அது சரியான தர்க்கம் என்றே நான் கருதுகிறேன். இறக்கம் ஏன் நடந்தது என்பதில்தான் நிச்சயம் குறைவு. தமிழ்நாட்டில் 1994-இலேயே மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது, பாலியல் தொழிலாளர்களிடையே ஆணுறை பரவியது, பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை எளிதானது, நோய்த்தொற்றுக்கே உரிய இயல்பான ஏற்ற இறக்கம் என்று எல்லாவற்றுக்கும் பங்கிருக்கலாம். எதற்கு எத்தனை பங்கு என்று எண்ணால் சொல்பவர்களிடம் எந்த முறையில் பிரித்தீர்கள் என்று கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

இன்றைய நிலையில், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாட்டில் 25 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தொற்றோடு வாழ்கிறார்கள். அந்த ஓர் ஆண்டில் புதிதாகச் சுமார் 68,000 பேருக்குத் தொற்றியது. வயதுவந்தோரில் தேசிய சராசரி 0.2 சதவீதம் என்றாலும் மிசோரத்தில் அது 2.7 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. ஆகவே எச்.ஐ.வி. முடிந்துபோன கதை என்று உங்களிடம் யாராவது சொன்னால், அவர் சராசரியை மட்டும் பார்த்திருக்கிறார். சிகிச்சையைப் பொறுத்தவரை ஒரு விஷயம் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது: மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றாது. இதற்கு வழிவகுத்த ஆய்வில் ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 1,763 தம்பதியர் பங்கேற்றார்கள். சென்னையும் புனேயும் அதன் களங்களில் அடக்கம். சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் அந்த ஆய்வு அறிவித்தபோது, உலகின் சிகிச்சைக் கொள்கையே மாறியது. அந்த முடிவுக்குப் பின்னால், தவறாமல் மையத்துக்கு வந்து, தங்கள் படுக்கையறை வாழ்க்கையைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொன்ன நம் ஊர்த் தம்பதியரும், வராதவர்களைத் தேடி வீட்டு விலாசம் அலைந்த களப்பணியாளர்களும் இருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

மருத்துவர் அல்லாதவர் உயர முடியுமா என்பதற்கு, குவாரைஷா அப்துல் கரீமின் வாழ்க்கையைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அவர் மருத்துவர் அல்லர், நோய்ப்பரவலியலாளர். ஆண்களைவிடப் பதின்வயதுப் பெண்களிடம் தொற்று மிகக் கூடுதலாக இருப்பதை 1990-களின் தொடக்கத்திலேயே கணக்கெடுப்பில் கண்டு, பெண்கள் துணையின் சம்மதத்தைக் கேட்காமலே பயன்படுத்தக்கூடிய தடுப்பு ஒன்று வேண்டும் என்ற ஒரே கேள்வியின் பின்னால் இருபது ஆண்டுகள் நடந்தார். டெனோஃபோவிர் மருந்து கலந்த ஜெல், தொற்றை 39 சதவீதம் குறைத்தது என்று 889 பெண்களிடம் நடத்திய ஆய்வை வைத்து 2010-இல் வியன்னா மாநாட்டில் அவருடைய குழு அறிவித்தபோது அரங்கமே எழுந்து நின்றது. ஆனால் அடுத்து நடந்த பெரிய சோதனைகளில் அந்த ஜெல் பலன் காட்டவில்லை. 2015-இல் அந்தப் பாதை ஏறக்குறைய மூடப்பட்டது. ஆயினும் அந்தக் கேள்வி சாகவில்லை. 2024-இல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசியைப் பெற்ற 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை என்று தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த சோதனை காட்டியது. தினமும் மாத்திரை டப்பாவை ஒளித்து வைக்க வேண்டிய தேவை அந்த ஊசிக்கு இல்லை. வாய்ஸ் ஆய்வின் பெண்கள் சொன்ன காரணங்களுக்கு அது ஒரு பதில். இத்துறையில் ஒருவருடைய உழைப்பின் பயன் பெரும்பாலும் அவருடைய சொந்த ஆய்வில் தெரியாமல், தோற்றுப்போன ஆய்விலிருந்து வேறொருவர் கற்றுக்கொண்டதில் தெரியும். இதை ஏற்றுக்கொள்ள முடியாதவர்களுக்கு இங்கே இருப்பது கடினம்.

தமிழ்நாட்டுக்கு இத்துறையில் நீண்ட மரபு உண்டு என்பதையும் உங்கள் வீட்டாரிடம் சொல்லலாம். எச்.ஐ.வி. என்ற பெயர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, சென்னை மருத்துவக் கல்லூரியின் பால்வினை நோய்த் துறையைச் சேர்ந்த ஆர்.வி. ராஜமும் பி.என். ரங்கையாவும் எழுதிய டோனோவனோசிஸ் என்ற பால்வினை நோய் பற்றிய நூலை உலக சுகாதார நிறுவனம் 1954-இல் வெளியிட்டது. பிறகு அதே கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில், பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மேற்படிப்பு ஆய்வு செய்த செல்லப்பன் நிர்மலா, 1985 இறுதியில் சென்னையில் பாலியல் தொழில் செய்த பெண்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றை வைக்க வசதியான இடம் இல்லாமல் தன் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, 1986 தொடக்கத்தில் வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்று பரிசோதித்தபோது, ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் வெளிப்பட்டது. ஒரு மாணவியும் அவருடைய ஆசிரியரும், பெரிய நிதியோ கருவியோ இன்றி, 'நம் நாட்டில் இது வராது' என்று மேலிடத்தில் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் செய்த வேலை அது. சுனிதி சாலமன் அத்தோடு நிற்காமல், 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கி, மற்ற மருத்துவமனைகள் திருப்பி அனுப்பியவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்தபடியே ஆய்வும் செய்தார். 2015-இல் அவர் காலமானார். 2017-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

இந்த வரலாற்றில் பெருமையோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு பக்கம் இருக்கிறது. அந்த மாதிரிகளில் பல, காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் எடுக்கப்பட்டவை. தங்கள் ரத்தம் எதற்காகப் பரிசோதிக்கப்படுகிறது என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. வழக்கமான பால்வினை நோய்ப் பரிசோதனை என்றே நினைத்தார்கள். அந்தக் காலத்தில் அதுதான் நடைமுறை. அந்த இருவரையும் இன்றைய அளவுகோலால் குற்றம் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் பின்விளைவு அந்தப் பெண்களின் தலையில் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில், தொற்று இருப்பதாகத் தெரிந்த ஒரே காரணத்துக்காகத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் பெண்கள் தமிழ்நாட்டுக் காப்பகங்களிலேயே வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடிய பிறகே விடுதலை கிடைத்தது. உங்களிடம் ஒப்புதல் படிவத்தைக் கொடுத்து கையெழுத்து வாங்கி வரச் சொல்லும்போது, அது ஆய்வின் அறநெறியைச் சரிபார்க்கும் எத்திக்ஸ் கமிட்டிக்காகச் செய்யும் சடங்கு என்று அலுவலகத்தில் யாராவது அலுத்துக்கொள்வார்கள். அந்தப் படிவம் ஏன் பிறந்தது என்பதை அந்தப் பெண்களைக் கொண்டு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று சட்டமும் துணை நிற்கிறது. 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், பரிசோதனைக்கு மட்டுமின்றி ஆய்வுக்கும் தகவலறிந்த ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது; ஒருவரின் தொற்று நிலையை அவர் அனுமதியின்றி வெளியிடுவதைத் தடை செய்கிறது. அதே ஆண்டு அதே மாதம் 6-ஆம் தேதி, வயதுவந்த இருவர் சம்மதத்தோடு கொள்ளும் உறவு குற்றமல்ல என்று 377-ஆம் பிரிவு குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பு, ஆண்களிடையே ஆய்வு செய்த நாங்கள், சட்டத்தின் பார்வையில் குற்றமான ஒன்றை ஒப்புக்கொள்ளுமாறு மனிதர்களைக் கேட்டுக்கொண்டிருந்தோம். தீர்க்கப்படாத சிக்கல் ஒன்று, பதின்வயதினர் தொடர்பானது. 18 வயதுக்குக் குறைந்த எவருடைய பாலியல் உறவும் போக்சோ சட்டத்தின்படி குற்றமாகும். தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். குழந்தைகளைக் காப்பதற்கான அந்தச் சட்டத்தின் நோக்கத்தில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் தாமாகக் காதலித்துப் பழகும் 16, 17 வயதினரிடம், "நீங்கள் சொல்வது ரகசியமாக இருக்கும்" என்று எந்த ஆய்வாளராலும் உறுதி கொடுக்க முடிவதில்லை. விளைவாக, எந்த வயதில் தகவல் மிகவும் தேவைப்படுகிறதோ அந்த வயதைப் பற்றித்தான் நமக்கு மிகக் குறைவாகத் தெரிகிறது. உங்கள் தலைமுறை ஆய்வாளர்கள் சட்ட வல்லுநர்களோடு சேர்ந்து இதற்கு வழி காண வேண்டும் என்பது என் ஆழ்ந்த விருப்பம்.

பிழைப்புக்கு வருகிறேன். இத்துறையில் பெரும்பான்மையான வேலைகள் ஒப்பந்த வேலைகள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று எழுதியிருந்தாலும் ஆண்டுக்கு ஆண்டுதான் புதுப்பிப்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நிதியில் நடக்கும் திட்டங்களில் அண்மைக்கால அறிவிப்புகளின்படி, தொடக்க நிலைப் பிராஜெக்ட் ரிசர்ச் சயின்டிஸ்டுக்கு மாதம் 56,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கிறது. கள நிலைப் பணிகளுக்கு அதில் பாதியோ அதற்கும் குறைவோதான். தொண்டு நிறுவனங்களில் ஊதியம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் பொதுவாக எதுவும் சொல்வதற்கில்லை. வெளிநாட்டு நிதியை நம்பியிருப்பதன் ஆபத்தை 2025 ஜனவரியில் கண்ணெதிரே பார்த்தோம். அமெரிக்கா தன் அயல்நாட்டு உதவியை நிறுத்தியபோது, ஹைதராபாத்தில் 2021-இல் திருநங்கையருக்கென்று தொடங்கப்பட்ட மித்ர் கிளினிக் உட்படப் பல சேவைகள் சில வாரங்களில் மூடப்பட்டன. ஆப்பிரிக்காவில் நடந்துகொண்டிருந்த சோதனைகள் பாதியில் நின்றன. என்னோடு பயின்ற திறமையான சிலர் அந்த ஆண்டில் துறையை விட்டே போனார்கள். இந்தியாவின் தேசியத் திட்டம் பெரும்பாலும் மத்திய அரசின் சொந்த நிதியில் நடப்பதால் சிகிச்சை நிற்கவில்லை. 2021 முதல் 2026 வரையிலான கட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை 15,471 கோடி ரூபாய்க்கு மேல். ஆனால் அது சேவைக்கான பணம். ஆய்வுக்கு அதில் கிடைப்பது சிறு பங்குதான். ஆகவே எச்.ஐ.வி.யை மட்டும் தெரிந்தவராக இருந்துவிடாதீர்கள். இங்கே கற்கும் கள முறைகளும் கணக்கும் காசநோய், கல்லீரல் அழற்சி, போதைப் பழக்கம், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பு எல்லாவற்றுக்கும் செல்லுபடியாகும்.

உயர்வதற்கு என்ன படிக்கலாம் என்றால், சமூகப் பணிப் பட்டத்தோடு புள்ளியியலைச் சேர்த்துக்கொள்வதுதான் என் முதல் ஆலோசனை. நேர்காணல் செய்யத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். கணக்குப் போடத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் தெரிந்தவர்கள் அரிது. 'ஆர்' என்ற இலவச மென்பொருளை வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே கற்றுக்கொள்ளுங்கள். சென்னை ஆயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம், எச்.ஐ.வி. கண்காணிப்பில் நேரடிப் பொறுப்பு வகிக்கும் இடம். அங்கே நடக்கும் படிப்புகளையும் குறுகிய காலப் பயிற்சிகளையும் பாருங்கள். முனைவர் பட்டம் இல்லாமல் முதன்மை ஆய்வாளர் நிலைக்கு வருவது இங்கே மிகக் கடினம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். களத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அதற்குப் போனால், கேள்வி உங்களுடையதாக இருக்கும்.

வீட்டாரின் தயக்கத்தில் இரண்டு பயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று உடல்நலம். தொற்று உள்ளவரோடு பேசுவதாலும், ஒரே தட்டில் சாப்பிடுவதாலும், கை கொடுப்பதாலும் எச்.ஐ.வி. பரவாது, இதில் அறிவியலில் எந்தச் சந்தேகமும் இல்லை. ரத்தம் எடுப்பவருக்குத் தொற்றுள்ள ஊசி குத்திவிட்டால்கூடத் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவுதான்; 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கினால் அதுவும் பெரிதும் குறையும். இரண்டாவது பயம் ஊர்ப்பேச்சு. அதை ஒரேயடியாக இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த பெண் ஆய்வாளர்களில் சிலருக்குத் திருமணப் பேச்சில் இது இடையூறாக வந்திருக்கிறது, பலருக்கு வரவேயில்லை. "பொதுச் சுகாதார ஆய்வு" என்று சொல்வது பொய்யாகாது. எவ்வளவு விளக்குவது என்பதை அந்தந்த இடத்தில் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். என் அம்மா நெடுநாள் வரை நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதாகத்தான் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்; பிறகு தெரிந்த ஒருவரின் மகனுக்குத் தொற்று உறுதியானபோது, அந்தத் தாயை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து, எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் எந்த நம்பிக்கை மையத்துக்குப் போக வேண்டும் என்று என்னைச் சொல்லச் சொன்னதும் அவர்தான். வீட்டார் அதிகம் நினைத்துப் பார்க்காத மூன்றாவது சுமை ஒன்றும் உண்டு. நாள் முழுவதும் பிறருடைய வன்முறையையும் துயரத்தையும் கேட்டுவிட்டு, அதை யாரிடமும் சொல்ல முடியாமல் வீட்டுக்கு வருவது. ரகசியம் காப்பது சட்டப்படிக் கடமை என்பதால் அது உள்ளேயே தங்கிவிடும். களப்பணியாளர்களுக்கென்று கவுன்சலரோ, வாரம் ஒருமுறை மூத்தவரோடு மனம்விட்டுப் பேசும் ஏற்பாடோ உள்ள நிறுவனங்கள் குறைவு. அது இல்லாத இடத்தில் நல்லவர்கள் சீக்கிரம் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே அழைப்பை ஏற்பதற்கு முன் அந்த நிறுவனத்திடம் சிலவற்றைக் கேளுங்கள். திட்டத்துக்கு எத்திக்ஸ் கமிட்டி அனுமதி கிடைத்துவிட்டதா, நிதி எந்த மாதம் வரை உறுதியாக இருக்கிறது, தகவல் சேகரிப்பவர்களின் பெயர் கட்டுரைகளில் ஆசிரியர்களாக வருமா அல்லது நன்றியுரையோடு முடியுமா, மாலை வேளைக் களப்பணிக்குப் போக்குவரத்துக்கு என்ன ஏற்பாடு, முடிவுகளைப் பங்கேற்றவர்களிடம் திரும்பச் சொல்லும் வழக்கம் உண்டா. கடைசியாகச் சொன்னதற்கு அவர்கள் கொடுக்கும் பதிலை நான் மிக உன்னிப்பாகக் கவனிப்பேன். முடிந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நாள், மக்கள் வந்து இளைப்பாறிப் போகும் அவர்களுடைய டிராப்-இன் சென்டரில் உட்கார்ந்துவிட்டு வர அனுமதி கேளுங்கள். ஆய்வுக்கு வருபவர்களின் தகவல்களைத் தொடாமல், அங்கே வந்துபோகிறவர்களோடு டீ குடித்துப் பேசிக்கொண்டிருந்தாலே போதும். ஊழியர்கள் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார்களா, ஆய்வு எண்ணைச் சொல்லியா என்பதையும், பேட்டி முடிந்த பிறகும் அவர்கள் அங்கே தங்கிப் பேசுகிறார்களா, பயணப்படியை வாங்கியதும் போய்விடுகிறார்களா என்பதையும் பாருங்கள். அந்த இடத்தில் வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்று என்னைவிட அந்த ஒரு மதியம் உங்களுக்குச் சரியாகச் சொல்லும்.